எந்த ஊருக்கு எந்த மின்சாரம்?

"மின்சாரம் பெறும் வழிகளைக் கூறி, அவற்றின் நன்மை தீமைகளை விளக்குக" என்னும் வினாவுக்கு விடை எழுதுவதில் நம் மாணாக்கர் வல்லவர். நீர்வலு மலிவானது, நிலக்கரி புகை கக்குவது, காற்றும் கதிரவனும் தூய்மையானவை என்று வரிசை பிசகாமல் எழுதிவிடுவர், புள்ளியும் குறையாது. ஆனால் அதே மாணாக்கனை அழைத்து, "நீதான் நெடுந்தீவுப் பிரதேச சபையின் தவிசாளன் என்று வைத்துக்கொள். உன் ஊருக்கு எவ்வழியால் மின்சாரம் எடுப்பாய்?" என்று வினவினால், எழுதுகோல் அப்படியே நின்றுவிடுகின்றது.

இதில் பிள்ளைகள்மேற் பிழையில்லை. எது நல்லது, எது தீயது என்றுதான் நாம் அவர்களுக்குக் கற்பிக்கின்றோம். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த மணிக்கு, யாருக்கு என்ற வினாக்களை நாம் தொடுவதேயில்லை. ஓர் ஊர் மின்சாரத்தைத் தேர்ந்துகொள்ளும்போது இவ்வினாக்களே முன்னிற்கின்றன. இவற்றை வீட்டுத் திண்ணையிலிருந்தே கற்பிக்கலாம். அதற்கு ஒரு பெரிய தாளும், ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும், ஒரு சிரட்டையும், ஒரு தீப்பெட்டியும் போதும். விளையாட்டுக்கு முன்னர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய சில செய்திகளைக் கூறிவிடுகின்றேன்.

முதலாவது, சில்லின் கதை. யாழ்ப்பாணத்தில் 1990ஆம் ஆண்டு தொடக்கம் மின்சாரமின்றி வாழ்ந்த பெற்றோருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். செய்தி முடியுமுன் கை ஓய்ந்தால் வானொலியும் ஓய்ந்தது. இன்று இலட்சபானவிலும் நுரைச்சோலையிலும் நிகழ்வது அதுவே. சுழற்றும் கைதான் வேறு. மலையிலிருந்து விழும் நீர் சுழலியைச் சுழற்றினால் நீர்வலு. நிலக்கரியை எரித்து எழுப்பிய நீராவி சுழற்றினால் அனல்வலு. காற்றுச் சுழற்றினால் காற்றாலை. வீட்டுக்கூரைகளிற் பதிக்கும் சூரியத் தகடு ஒன்றே சில்லின்றி ஒளியை நேரே மின்சாரமாக்குவது. தாத்தாவோ அம்மாவோ அந்தத் தைனமோக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பாடநூலின் இரு பக்கங்கள் அதில் அடங்கிவிடும்.

இரண்டாவது, சுழற்றும் கை எந்த ஊரில் இருக்கின்றது என்பது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் சில, அருகிலோடிய அருவியைக் கொண்டே தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டின. அந்நீரையே நாடு முழுவதுக்கும் பயன்படுத்தலாம் என்று விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். வேலை தொடங்குவதும் இடையில் நிற்பதுமாகக் காலம் கழிந்து, இலட்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டில்! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு நல்ல யோசனை காத்திருந்தது. ஊர்கள் அறிவினால் மட்டும் தேர்ந்துகொள்வதில்லை. பணமும் அதிகாரத்திலிருப்போர் மனமும் சேரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டா.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கோ மலையுமில்லை, அருவியுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைக் கொண்டு ஒரு சில்லைத்தானும் சுழற்ற இயலாது. ஆகவே 1950களின் பிற்பகுதியிற் சுன்னாகத்தில் எண்ணெயால் ஓடும் மின் நிலையம் எழுந்தது. அதற்கு அன்று வேறு வழியிருக்கவில்லை. பின்னர்த் தெற்கிலிருந்து கம்பி வந்தது. போரில் அது அறுந்தது. 2013ஆம் ஆண்டளவில் மீண்டும் நாட்டின் பெரு வலையமைப்போடு இணைந்தோம். இன்று குடாநாட்டில் எரியும் மின்குமிழுக்குப் பளையிற் சுழலும் காற்றாலையும் ஒளி தரலாம், நுரைச்சோலை நிலக்கரியும் தரலாம், மலைநாட்டு நீர்த்தேக்கமும் தரலாம். வலையமைப்பில் இணைந்த ஊர் தனக்கென்று தேர்வது அரிது, நாடு தேர்கின்றது.

எனவே பிள்ளைக்குத் தேர்வு இன்னதெனக் காட்டவேண்டுமானால், கம்பி எட்டாத ஒரு தீவையே எடுத்துக்கொள்ள வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நெடுங்காலம் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தன. அந்த டீசலும் கடல் கடந்து படகிலேயே வரவேண்டும். கடல் கொந்தளித்தால் ஊருக்கு ஒளி கொடுப்பதும் கடினம். இத்தகைய தீவொன்றைத் தாளில் வரைந்துகொண்டு விளையாட்டைத் தொடங்குங்கள்.

தாளில் இருபத்துநான்கு கட்டங்கள் வரைக. ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைப் புளியங்கொட்டையாற் குறிப்போம். இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை ஊர் உறங்குகின்றது. மணிக்கு ஒரு கொட்டை போதும். 4 மணி முதல் 8 மணி வரை சமையலும் பாடசாலைப் புறப்பாடும், மணிக்கு மூன்று. பகல் முழுதும், மாலை 6 மணி வரை, மணிக்கு இரண்டு. 6 முதல் 10 வரை விளக்கு, தொலைக்காட்சி, மின்விசிறி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒருங்கே வருகின்றன, மணிக்கு ஐந்து. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 58 கொட்டைகள். இதைப் பிள்ளைகளே தங்கள் வீட்டைப் பார்த்து மாற்றி எழுதினாலும் நன்று. ஆனால் மாலைக் கட்டங்கள் பருத்திருக்கும் என்பது மாறாது. நம் நாடு முழுவதற்குமே மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடைப்பட்ட நேரந்தான் நெருக்கடியான நேரம்.

இனிக் கதிரவன் வரட்டும். காலை 8 முதல் 10 வரை மணிக்கு ஐந்து, 10 முதல் பிற்பகல் 2 வரை மணிக்கு ஒன்பது, 2 முதல் 4 வரை மணிக்கு ஆறு என்று சூரியக் கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். அவையும் 58 ஆகும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பர்: வேண்டியது 58, வந்தது 58! சற்றுப் பொறுத்து, "மாலை ஏழு மணிக் கட்டத்தில் என்ன இருக்கின்றது?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை. கணக்குச் சரியாயிருந்தும் ஊர் இருட்டில் இருக்கின்றது. என் வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் ஓர் அமைதி நிலவும். அந்த அமைதியை ஆசிரியர் அவசரப்பட்டுக் கலைத்துவிடலாகாது.

அப்போது சிரட்டையை எடுங்கள். அது பற்றரி. அதில் 15 கொட்டைகளுக்குமேல் வைக்கலாகாது. பகல் 8 முதல் 4 வரை ஊருக்கு 16 போக, மிஞ்சுவது 42; சிரட்டை கொள்வது 15; எஞ்சிய 27 வீணாகச் சிந்துகின்றன. அந்த 27 கொட்டைகளுக்கும் ஈடாக இரவிலும் அதிகாலையிலும் டீசல் இயந்திரத்தை ஓட்டவேண்டும். டீசற் கொட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு தீக்குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒடித்துப் போடச் செய்யுங்கள். பெட்டி வெறுமையாவதைக் கண்ணாற் காணும் பிள்ளைக்கு எரிபொருட் செலவென்றால் என்னவென்று விரிவுரை வேண்டா.

அடுத்தது காற்று. இங்கே நம் முன்னோர் வைத்த பெயர்களே நல்ல பாடம். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசுகின்றது; மார்கழி, தை மாதங்களில் வாடை வீசுகின்றது; பங்குனி, சித்திரையிற் காற்று ஓய்ந்து வெயில் கொளுத்துகின்றது; ஐப்பசி, கார்த்திகையில் முகில் மூடுகின்றது. மாதப் பெயர்களைச் சிறு சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். ஆடி வந்தால், காற்றாலை இரவு பகலாக மணிக்கு இரண்டு கொட்டை தரும். இப்போது கணக்கைப் பாருங்கள்: மாலையில் ஐந்து வேண்டுமிடத்துக் காற்று இரண்டைத் தர, சிரட்டை மூன்றைத் தருகின்றது, நள்ளிரவிற் காற்று மிஞ்சிச் சிரட்டை மறுபடி நிறைகின்றது, விடியும்வரை ஒரு தீக்குச்சிகூட ஒடிவதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா ஆனியில் வருவதும், சனத்திரள் பெருகும் அந்நாட்களிற் சோளகமும் பெருகுவதும் தீவுக்கு வாய்த்த நற்பேறு என்றே சொல்லவேண்டும். பங்குனிச் சீட்டு வந்தால் வெயில் நிறையவுண்டு, காற்றில்லை. 27 குச்சிகள் ஒடியும். ஐப்பசிச் சீட்டு வந்ததோ, காற்றும் இல்லை. முகில் மூடிச் சூரியன் பாதியே தருகின்றது. அன்று ஒடியும் குச்சிகள் 29.

"இன்னும் பெரிய சிரட்டை வாங்குவோம்" என்று ஒரு பிள்ளை நிச்சயமாகச் சொல்லும். வாங்கலாம், ஆனால் ஐப்பசி நாளிற் பெரிய சிரட்டையில் இடுவதற்குக் கொட்டை எங்கே? இந்த வினாவுக்குச் சில மாணாக்கர் தரும் விடை என்னை மகிழ்விப்பது. மீனவருக்கு வேண்டிய பனிக்கட்டியை நடுப்பகலிற் செய்துவைத்தால் என்ன? கிணற்று நீரை மாலையில் இறைக்காமல் மதியத்தில் இறைத்துத் தொட்டியை நிரப்பினால் என்ன? மின்சாரத்தை நம் நேரத்துக்கு இழுப்பதற்குப் பதிலாக நம் வேலையை மின்சாரத்தின் நேரத்துக்கு நகர்த்துவது இது. கறையான் அரித்த பாடக்குறிப்புகளில் இல்லாத விடை. அதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கலாம்.

விளையாட்டு முடிந்தபின் உண்மைத் திட்டத்தைக் காட்டுங்கள். மேற்சொன்ன மூன்று தீவுகளுக்குமென 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதன்படி அமைய வேண்டியவை: சூரியத் தகடுகள் 1,700 கிலோவாற்று, காற்றாலைகள் 530 கிலோவாற்று, பற்றரியிற் சேமிக்கத்தக்கது 2,400 அலகு, இவற்றோடு காத்திருப்பாக 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள். கூர்மையான பிள்ளை உடனே கேட்கும்: சூரியனும் காற்றும் சேர்ந்து 2,230தானே, புதிய திட்டத்தில் டீசல் அதைவிடப் பெரிதாக இருப்பதேன்? ஐப்பசிச் சீட்டை நினைவூட்டுங்கள். ஓட்டாமலே வைத்திருப்பதற்காக வாங்கப்படும் இயந்திரம் அது. மாலையில் மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 600 கிலோவாற்று வேண்டுமென்று வைத்துக்கொண்டால், நிறைந்த பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதையும் கணக்காகக் கொடுக்கலாம். நான்கு மணித்தியாலம். நம் தாளின் மாலைக் கட்டங்களும் நான்கே.

இத்திட்டத்துக்கு மற்றொரு முகமுமுண்டு. மூத்த மாணாக்கர் அதை அறியவேண்டும். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பணி சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்படவிருந்தது. தீவுகள் இராமேசுவரத்துக்கு அண்மையில் இருத்தலால் இந்தியா கவலை தெரிவித்தது. அவ்வாண்டின் இறுதியிற் பணி நிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. பின்னர் இந்தியா 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலரை நன்கொடையாக வழங்க முன்வந்து, இந்திய நிறுவனமொன்று ஒப்பந்தம் பெற்றது. சோளகத்துக்கும் வெயிலுக்கும் இதிற் பங்கில்லை. தீவுக்காரரிடம் எவரேனும் கருத்துக் கேட்டனரா என்பது என் மாணாக்கர் சிலர் எழுப்பிய வினா. அது நல்ல வினா.

பெரிய வலையமைப்பில் இருப்போர் இத்தொல்லைகளினின்றும் தப்பினோம் என்று எண்ணவேண்டா. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததைப் பிள்ளைகளும் மறந்திரார். நீர்த்தேக்கங்களில் நீர் தாழ்ந்திருந்தது. எண்ணெய் வாங்க டொலர் இல்லை. ஐப்பசிச் சீட்டு நாட்டுக்கே விழுந்தது என்க. இதற்கு மறுதலையாக, மிகுதியாலும் இடர் வரும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது. பத்திரிகைகள் குரங்கைப் பற்றியே நகைச்சுவையாக எழுதின. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைகள் ஓய்ந்திருந்தன, வெயிலோ நிறைந்திருந்தது, கூரைத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டின, கனமான பெருஞ் சில்லுகள் சிலவே சுழன்றன. கனமான சில்லு ஓர் அதிர்ச்சியைத் தாங்கித் தொடர்ந்து சுழலும், தகட்டுக்குச் சில்லில்லை. ஆகவே ஒரு சிறு தடுக்கல் பெரு வீழ்ச்சியாயிற்று. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிற் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரியோரிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது. சூரியனைப் போற்றும் நாட்டிற் சூரிய மின்சாரத்தை நிறுத்துக என்று கேட்கவேண்டி வந்ததைப் பிள்ளைகள் வியப்போடு கேட்பர். சிந்திய 27 கொட்டைகளை அவர்களுக்குக் காட்டினால் விளங்கிக்கொள்வர்.

இனி நான் மிக முக்கியமென்று கருதும் பகுதி. தாளின் மறுபக்கத்தில் தீவின் படத்தை வரைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வளவைக் கொடுங்கள். காற்றாலையையும், டீசல் இயந்திரத்தையும், தகடு பதிக்கும் வெளியையும் எங்கே வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஒவ்வொருவரும் தம் வளவுக்குத் தொலைவான மூலையையே காட்டுவர். வளர்ந்தோரும் அவ்வாறே காட்டுகின்றோம். நாம் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கின்றோம், அவ்வளவே.

சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, அவ்வீடுகளின் அடுக்களைகளில் நிகழ்ந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கீழே இறங்கும். ஒரு வளவில் இறங்கியது அடுத்த வளவுக் கிணற்றில் ஏறும். அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மின்சாரத்தில் விளக்கேற்றியவர் பலர். கிணற்றை இழந்தவர் அயலவர் மட்டுமே. இது எண்ணெய்க்கு மட்டும் உரிய குற்றமென்று ஒதுக்கிவிடலாமா? விக்ரோறியா அணைக்காகத் தெல்தெனியப் பழைய நகரம் நீரில் மூழ்கியது. மேற்கொத்மலைத் திட்டம் சென். கிளயர் அருவியின் நீரைக் குறைத்தது. மன்னாரில் 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் முப்பது காற்றாலைகள், 103.5 மெகாவாற்று வலுவோடு, திறந்துவைக்கப்பட்டன, புகையில்லை, சாம்பலில்லை. எனினும் புதிய காற்றாலைகள் வேண்டாமென 2025ஆம் ஆண்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வெள்ளம் வடியும் வழி அடைபடுகின்றது, மீன்பிடி கெடுகின்றது, வங்காலைக்கு வரும் வலசைப் பறவைகளுக்கு இடர் நேர்கின்றது என்பன அவர்களின் முறைப்பாடுகள். நாட்டுக்குக் காற்று மின்சாரம் வேண்டும்; இதை நான் ஐயுறவில்லை. ஆனால் மன்னாரார் சொல்வதை அறியாமையென்று தள்ளுவோர், காற்றாலையைத் தம் வளவுப் படத்தில் எங்கே வைப்பர் என்று கேட்டுப் பார்க்க ஆசைப்படுகின்றேன்.

விளையாட்டில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கின்றேன். எந்த வளவில் இயந்திரம் வைக்கப்படுகின்றதோ அந்த வளவுக்குரிய பிள்ளையே முதலிற் பேசும். அது பேசி முடிக்கும்வரை மற்றோர் வாய் திறக்கலாகாது. அப்பிள்ளை மூன்று நிபந்தனைகள் விதிக்கலாம். கிணற்றிலிருந்து இத்தனை அடி தள்ளி வைக்கவேண்டும், எண்ணெய்த் தொட்டியின் கீழ்ச் சீமெந்துத் தளம் இடவேண்டும், எனக்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்றெல்லாம் கேட்கின்றார்கள். ஒருமுறை ஒரு சிறுமி, "சிந்தினால் யார் வந்து துடைப்பார்கள் என்று இப்போதே எழுதித் தரவேண்டும்" என்றாள். எழுதிக் கொடுத்த பின்னரே ஆட்டம் தொடர்ந்தது.

வீட்டில் இதை ஆடிப் பார்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: புளியங்கொட்டையை நன்கு கழுவி ஒரு நாள் வெயிலிற் காயவைத்துக்கொள்ளுங்கள்; இன்றேல் எறும்பு மொய்க்கும். எட்டு வயதுக்குட்பட்டோருக்கு இருபத்துநான்கு கட்டம் மிகை. காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு போதும். தீக்குச்சிகளின் மருந்துத் தலைகளை முன்னரே கிள்ளிவிடுக. சிரட்டை சிறியதாகவே இருக்கட்டும்.